மாத்தளையிலிருந்து கடல் குறிப்பு

மாத்தளையிலிருந்து எந்தக் கடலுக்குப் போவதானாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் திருகோணமலை, மறுபக்கம் நீர்கொழும்பு, இரண்டுமே தூரம். இருந்தும் வங்கக் கடலில் கடற்படைகளின் நடமாட்டம் பற்றிச் சென்னையிலிருந்து நாங்கள் வாராவாரம் வெளியிடும் குறிப்பில், நம்பகமான ஒரு பத்தி ஐந்து வருடங்களாக மாத்தளையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அது பிழையாகிப்போனது. அதைப் பார்த்துவரத்தான் நான் போனேன்.

எங்கள் குறிப்பு இரண்டே பக்கம். எந்த நாட்டுப் போர்க்கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, எங்கே சுடும் பயிற்சி, எந்தப் பகுதியில் படகுகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பவைதான் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை கைபேசிகளுக்குப் போய்விடும். ஆய்வாளர்கள் படிப்பார்கள், ஒன்றிரண்டு நாளிதழ்கள் எடுத்துப் போடும், இரு கரைகளிலும் மீனவர் சங்கங்கள் அச்செடுத்துப் பலகையில் ஒட்டும். எழுதுவது மூன்று பேர். மாத்தளையிலிருந்து வருவதைச் செப்பனிட்டுச் சேர்ப்பது என் பொறுப்பு.

அனுப்புகிறவர் பெயர் றிஸானா. நேரில் பார்த்ததில்லை. கப்பல்களைக் காட்டும் இணைய வரைபடத்தில் போர்க்கப்பல்கள் பெரும்பாலும் தெரியாது, சிறு மீன்பிடிப் படகுகளும் தெரியாது. அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். திருகோணமலையிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வரும் மீன் லாரிகளைக் கவனிப்பார். கடலை மூடினால் மீன் வராது. இந்த முறையில் இரண்டு தடவை, முறையான அறிவிப்பு வருவதற்கு ஒரு நாள் முன்பே நாங்கள் செய்தி கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது தடவைதான் கவிழ்ந்தது. பத்துக்கு மேல் லாரி வருகிற இடத்தில் மூன்று வந்தது. திருகோணமலைக்கு வெளியே பயிற்சி நடப்பதாகத் தெரிகிறது என்று எழுதினோம். அடுத்த வாரம் அந்தக் கரையிலுள்ள ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளரிடமிருந்து இரண்டு வரி வந்தது. “உங்கள் குறிப்பை நம்பி இரண்டு நாள் படகு இறக்கவில்லை. கடலில் ஒருவரும் இல்லை.” அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில் றிஸானா மூன்று சொல் மட்டும் அனுப்பினார்: “இந்த வாரம் இல்லை.” எங்கள் ஆசிரியர் சுருக்கமாகச் சொன்னார். போய்ப் பார், நம்ப முடியாது என்றால் வெள்ளிக்கிழமையோடு மாத்தளைப் பத்தியை நிறுத்திவிடலாம்.

கண்டி பஸ் நிலையத்தில் ஒரு நடத்துநரிடம் மாத்தளையா என்று கேட்டேன். மாத்தளைக்குப் போகலாம், ஏறுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார், அதுவரை எனக்குப் புரிந்தது. ஏறித் தூங்கிவிட்டேன். விழித்தபோது பஸ் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தேயிலை. மாத்தளை பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் என்று படித்திருந்தேன்.

இறங்கிய இடம் எல்கடுவ. நடத்துநர் பொய் சொல்லவில்லை. இங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் மாத்தளைக்குப் போகலாம். அந்த பஸ் எப்போது வரும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் ஒரே ஒரு கடை. பிளேன்டீ என்றால் பாலில்லாத தேநீர், சீனியைத் தனியாக உள்ளங்கையில் கொட்டினார்கள். ஒரு வாய் தேநீர், ஒரு நக்குச் சீனி. சென்னையில் நுரை தள்ள ஆற்றிக் கொடுப்பதற்குப் பழகிய கைக்கு இது கொஞ்சம் சிரமம். கடைக்குப் பின்னால் மலை மலையாகத் தேயிலை நிற்க, கோப்பையில் இருந்தது மட்டமான தூள். நல்லது எல்லாம் கப்பலேறிவிடுகிறது என்றார் கடைக்காரர், குறையாகச் சொல்லவில்லை.

அதே பெஞ்சில் ஒரு பெண் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் பார்வதி, மேலே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறார், மாத்தளை ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிறார். “பஸ் வருங்க. எப்பன்னு மட்டும் கேக்காதீங்க” என்றார்.

பஸ்ஸுக்கு முன்னால் வந்தது ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் பெரிய தெர்மகோல் பெட்டி, ஊதுவதற்கு ஒரு ரப்பர் ஹாரன். மீன்காரர். லயங்களிலிருந்து நாலைந்து பெண்கள் குடையோடும் சாக்கோடும் இறங்கி வந்தார்கள். சாளை, பலயா. பலயா என்பது நம் ஊர்ச் சூரை. பார்வதி எழுந்து போய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், வாங்குகிற எண்ணமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

“என்னங்க, போன மாசம் பத்து நாளா ஆளையே காணோம். பொண்ணு பாக்கப் போனீங்களா?”

“போனா மட்டும்? மாத்தளைத் தேருன்னு நீங்க எல்லாம் வெரதம். யாருக்கு விக்கிறது, ரோட்டுக்கா?”

“டவுன்ல வித்திருக்கலாமே.”

“டவுனு அதுக்கு மேல. பாதிக் கடை பூட்டு. லொறிக்காரங்களே வந்து திரும்பிப் போயிட்டாங்க.”

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவரிடம் போய் அது எந்த வாரம் என்று கேட்டேன். மாசி மகத்துத் தேர், கொடியேறியதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை. மூன்று லாரி மட்டும் வந்த நாட்களின் தேதியைச் சொன்னேன், அவை அதற்குள் அடங்கின. பார்வதி விளக்கினார்: அம்மன் தேர் முடிகிறவரை தோட்டத்தில் யாரும் மீன் சமைக்க மாட்டார்கள், டவுனில் தமிழ் வீடுகளிலும் அப்படித்தான், பக்கத்துச் சிங்கள வீடுகளில்கூடச் சிலர் வாங்குவதைக் குறைத்துக்கொள்வார்கள். அவருக்கு இது விளக்க வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை.

மழைக்கு ஒதுங்கி நின்று கைபேசியில் அந்த வார வியாழனுக்குப் போனேன். றிஸானா அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது. லாரி எண்ணிக்கை, மீன் வகை, நேரம். கடைசியில் ஒரு வரி: “இங்க தேர் நடக்கிது, டவுன்ல மீன் வாங்குற ஆள் குறைவு. இந்த எண்ணிக்கைய வச்சிக் கடலப் பத்தி ஒண்ணும் எழுத வேணாம்.” எங்கள் பதிப்புப் படியையும் திறந்தேன். அந்த வரி சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் என் குறிப்பு: உள்ளூர்ச் செய்தி, வேண்டாம்.

கடலைப் பற்றிய குறிப்பில் கோயில் தேர் எதற்கு என்று நினைத்திருப்பேன். இடமும் நெருக்கடியாக இருந்திருக்கும். எனக்கு அது நினைவில்கூட இல்லை.

பஸ் வந்தது. ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார் பார்வதி. அந்த ஜன்னல் மூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாத்தளையில் றிஸானாவின் கடை மீன் சந்தைக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. கொமியுனிகேஷன் கடை என்பார்கள்: போட்டோகொப்பி, கைபேசிக்கு ரீசார்ஜ், அடையாள அட்டைக்குப் படம், தபால் உறை, பேனா. மறுநாள் புதன்கிழமை காலை நான் போனபோது வாசலில் ஒரு பெரியவர், “தாத்தா, பத்துப் பக்கம் கொப்பி எடுங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தாத்தா என்று யாரும் இல்லை. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்று அழைப்பார்கள் என்பது தெரியாமல் ஒரு நிமிடம் நின்றேன்.

பிரதியை வாங்கிக்கொண்ட பெரியவர் போகிற போக்கில் கேட்டார்: “இன்னைக்கு எந்த நாட்டுக் கப்பல் வந்தீக்கு தாத்தா?”

“உங்க ஊட்டு வாசல்ல ஒண்ணு நிக்கிதாம். போய்ப் பாருங்க.”

அப்படியானால் மச்சானோடுதான் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவர் போனார். கேலிக்குக் காரணம் இருந்தது. றிஸானாவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஐந்து வருடத்துக்கு முன் அந்தக் கப்பல் எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்க்கத் தொடங்கியதுதான் இதெல்லாம். அன்றைக்கும் கடையின் கணினியில் வரைபடம் திறந்தே இருந்தது. அந்தமானுக்குத் தெற்கே ஒரு பச்சை முக்கோணத்தைத் தொட்டுக் காட்டினார். “அவர்தான். இப்ப பருப்புக் கறி ஆக்கிக்கிட்டிருப்பார்.” பச்சை முக்கோணங்கள் போகிற வழியைச் சில சமயம் காரணமில்லாமல் மாற்றுகின்றன, நடுவில் ஒரு வெறுமையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. அந்த வெறுமையில் என்ன நிற்கிறது என்று யோசிக்கத் தொடங்கினாராம்.

எனக்குத் தேநீர் வந்தது. நோன்பு தொடங்கி ஐந்தாம் நாள், அவர் குடிக்கவில்லை. நான் கோப்பையைத் தொடாமல் வைத்திருந்ததைப் பார்த்து, “குடிங்க சேர். நோன்பு எனக்குத்தான், உங்களுக்கில்ல” என்றார்.

பிறகு கொப்பியை, அதாவது தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம்: லொறி, மீன், மணி, ஏன். முதல் மூன்றையும் பார்த்தவுடன் எழுதிவிடுவார். நான்காவதை மாலையில்தான் நிரப்புவார், நாலு பேரிடம் விசாரித்த பிறகு. மழை. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை. ஐஸ் இல்லை. ஹபரணையில் யானை மறித்தது. கடலில் கப்பல். எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்த சொல், தெரியாது. நான் முப்பது வருடமாகப் பத்திரிகைகளில் வேலை பார்க்கிறேன். அந்தச் சொல்லை அத்தனை தடவை எழுதிய நிருபர் ஒருவரையும் பார்த்ததில்லை.

மீன் வகையில்தான் விஷயம் என்று சொல்லிக் கொடுத்தார். கரையோரம் பிடிக்கும் சாளை, நெத்தலி, பாரை வந்து, ஆழ்கடலில் பிடிக்கும் கெலவல்லா, அதாவது பெரிய சூரை, வராவிட்டால் வெளிக்கடலில் ஏதோ தடை. இரண்டுமே வராவிட்டால் காற்று அல்லது மழை. இரண்டும் வந்து மாத்தளையில் மட்டும் குறைந்தால் காரணம் மாத்தளையில் இருக்கிறது.

அந்தத் தேர் வாரத்துப் பக்கமும் கொப்பியில் இருந்தது. லொறி மூன்று. மீன் எல்லா வகையும். ஏன்: தேர். பக்கத்தைப் புரட்டும்போது அவர் கை அங்கே நிற்கவில்லை, அதே வேகத்தில் தாண்டியது.

மாலையில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு எனக்கும் நோன்புக் கஞ்சி வைத்தார். தேங்காய்ப்பால் வாசனையோடு, இஞ்சி தூக்கலாக. இரண்டு பேரீச்சம்பழம், ஒரு சமோசா. பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார். முதல் கோப்பைக் கஞ்சியை இருவரும் குடித்து முடித்தோம். பிறகு அந்த வரியை வெட்டியது நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும் சேர்” என்றார். “வெள்ளிக்கிழம வந்ததுமே பார்த்தேன்.”

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வெட்டினது நீங்க. நீங்கதானே செல்லணும்?”

சொல் என்பதைச் செல் என்றும், இருக்கு என்பதை ஈக்கு என்றும்தான் அவர்கள் சொல்வார்கள். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி கஞ்சியையும் ஊற்றினார். ஆசிரியரிடம் இன்றே பேசுகிறேன், பத்தி நிற்காது, திருத்தம் போடுவோம் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் அதனால் மட்டும் பத்தி வராது என்றார்.

பிரச்சினை சமன். திருகோணமலையிலிருந்து மீன் லாரி ஓட்டுகிறவர், சிங்களவர். படகுகள் எத்தனை மைல் வெளியே போயின, எப்போது திரும்பின, வழியில் என்ன பார்த்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய தம்பியே படகுக்காரர். தினமும் காலை தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தும்போது றிஸானாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பிவந்தார். நாங்கள் பிழையாகப் போட்ட வாரம், கரையில் நின்ற படகுகளில் தம்பியின் படகும் ஒன்று. அன்றிலிருந்து குரல் செய்தி இல்லை. நேரில் கேட்டால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். சமன் பேசாவிட்டால் நான்காவது கட்டம் முழுக்கத் தெரியாது என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அதை அனுப்ப றிஸானாவுக்கு விருப்பமில்லை. ‘இந்த வாரம் இல்லை’க்குக் காரணம் அதுதான்.

வரியை வெட்டியது சென்னையில் என்று சமனிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நான் செல்லினா, பழியைக் கொண்டுபோய் எங்கயோ ஈக்கிற ஆள் தலையில போடுறேன்னு நினைப்பார். சென்னைய அவர் கண்டாரா?”

ஆகவே வியாழக்கிழமை அதிகாலை தம்புள்ளை. விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவர் அப்படியே வந்துவிட்டார். லுஹருக்கு, அதாவது நண்பகல் தொழுகைக்குப் பிறகு திறக்கப்படும் என்று அட்டையில் எழுதிக் கடைக் கதவில் மாட்டியிருந்தார். பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால் சீகிரியா ஹோட்டல் ஒன்றில் வேலை பார்க்கும் இரண்டு பேர், வெள்ளைக்காரர் ஒருவர் காலையில் நூடுல்ஸ் கேட்டதைப் பற்றி நாவுல என்ற ஊர் வரை பேசிக்கொண்டு வந்தார்கள். தம்புள்ளையின் மொத்தச் சந்தை நம் கோயம்பேட்டைப் போலத்தான், ஆனால் நெருக்கும் வேகம் குறைவு. மலையிலிருந்து கேரட்டும் லீக்ஸும் இறங்குகின்றன, வடக்கிலிருந்து வெங்காயமும் பூசணியும் வருகின்றன. சுமை தூக்குகிறவர்கள் வழி கேட்டுக் கத்துகிறார்கள், யாரும் யாரையும் திட்டவில்லை.

மீன் லாரிகள் நிற்பது சந்தைக்கு வெளியே, திருகோணமலைச் சாலையில், ஒரு தேநீர்க் கடை முன்னால். உருகிய ஐஸ் தண்ணீர் சாலையில் கோடு போட்டிருந்தது. ஏழரை மணிக்குச் சமன் வந்தார். தடித்த உடம்பு, கைலி, வெற்றிலை. றிஸானாவைப் பார்த்துத் தலையசைத்தார், என்னைப் பார்க்கவில்லை.

நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். எங்கள் குறிப்பு எப்படி வேலை செய்கிறது, இடம் எவ்வளவு குறைவு, அந்த வாரம் இந்த அம்மா சரியாகத்தான் எழுதியிருந்தார், நான் முக்கியம் புரியாமல் நீக்கினேன், உங்கள் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் நேர்ந்ததற்கு நான்தான் பொறுப்பு. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். றிஸானா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிங்களத்தில் நான்கைந்து சொல்லில் முடித்துவிட்டார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“‘வெட்டின ஆள் இவர்தான்’னேன்.”

மீதி?

“மீதிய நான் வெட்டிட்டேன், சேர்.”

சமன் இப்போதுதான் என்னைப் பார்த்தார். தேநீரை ஒரு மிடறு குடித்தார். பிறகு மெதுவாகப் பேசினார், றிஸானா இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தார். அந்த இரண்டு நாளும் தம்பி வீட்டுக் கூரைக்குத் தகரம் அடித்தானாம். மனைவி நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை. அவளுக்கு இந்த மாத்தயாவின், இந்த ஐயாவின், பத்திரிகையை மிகவும் பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற இன்னொரு ஓட்டுநர் சத்தமாகச் சிரித்தார். சமன் சிரிக்கவில்லை. மற்ற வீடுகளில் அடிக்கத் தகரமும் இல்லை, இரண்டு நாள் அடுப்பும் சரியாக எரியவில்லை என்றார். 

அவர் எழுந்து லாரியின் பின்கதவைத் திறந்தார். ஐஸுக்கு நடுவில் சாளை, நெத்தலி, கொஞ்சம் பாரை. கையால் ஐஸைத் தள்ளி அடிவரை காட்டினார். கெலவல்லா ஒன்றுகூட இல்லை. நேற்று முன்தினம் வெளிக்கடலுக்குப் போன படகுகள் பாதி வழியில் திரும்பிவிட்டன என்றார். சாம்பல் நிறக் கப்பல் இரண்டு. கிட்ட வர வேண்டாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

றிஸானா கொப்பியைத் திறந்தார். ஆனால் எழுதவில்லை. ஒருவர் சொன்னால் போதாது என்று, அடுத்து வந்த இரண்டு லாரிகளையும் திறக்கச் சொன்னார். ஒன்றில் சாளை, மற்றொன்றில் சாளையும் நெத்தலியும். ஓட்டுநர்களிடம் கப்பலைப் பற்றிக் கேட்காமல், காற்று எப்படி என்று மட்டும் கேட்டார். காற்று இல்லை, கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கிறது என்றார்கள் இரண்டு பேரும். அதற்குப் பிறகுதான் நான்காவது கட்டத்தில் எழுதினார்: கடலில் கப்பல்.

இதற்குள் எனக்குப் பசி தாங்கவில்லை. மாலு பான் என்கிற மீன் ரொட்டி ஒன்றை வாங்கி, அவர் கண்ணில் படாமல் ஒரு பூசணிக்காய் லாரிக்குப் பின்னால் நின்று தின்றேன். முக்கோண வடிவம், உள்ளே மிளகுத்தூள் போட்ட உருளைக்கிழங்கும் மீனும். திரும்பி வந்தபோது, “என்ன மீன் சேர், கெலவல்லாவா?” என்று கேட்டார். டின் மீன் என்று ஒப்புக்கொண்டேன்.

அன்று மாலை அவருடைய செய்தி என் கைபேசிக்கு வந்தது. நான் கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். இருந்தாலும் வழக்கப்படி கைபேசியில்தான் அனுப்பினார். லாரி, மீன், மணி, ஏன். கடைசியில் ஒரு வரி: “எல்கடுவப் பக்கம் மழை விடல்ல, மோட்டார் சைக்கிள்ல மீன் கொண்டுபோற ஆக்கள் மேல ஏறல்ல. மாத்தளைச் சந்தையில மீன் மிஞ்சிக் கிடந்தா அது மழையால, கடலால இல்ல.” அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கடையிலேயே உட்கார்ந்து குறிப்பைத் தயாரித்தேன். ஒன்பது மணிக்கு அவருடைய கைபேசியில் ஒரு சத்தம். கேட்டுவிட்டு எனக்கும் போட்டுக் காட்டினார். சமனின் குரல், பின்னால் லாரி இன்ஜின். இன்றும் கெலவல்லா இல்லை அக்கா, அந்த மெட்ராஸ் மாத்தயா போய்விட்டாரா என்று கேட்டிருந்தார். றிஸானா அதை இரண்டாம் தடவை போட்டார், மொழிபெயர்ப்பதற்காக இல்லை.

முதல் பக்கத்தின் மேலே திருத்தம் வைத்தேன். மாத்தளையிலிருந்து வந்த எச்சரிக்கையைச் சென்னை மேசை நீக்கியதால் தவறான செய்தி போனது, படகு இறக்காமல் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இரண்டு வரி போதுமே என்றார் ஆசிரியர் தொலைபேசியில். நான்கு வரி வேண்டும் என்றேன். மாத்தளைப் பத்திக்கு முதன்முறையாக நான்கு கட்டமும் போட்டேன். கடைசி வரிக்கு வந்ததும் அவர் நிறுத்தினார்.

“எல்கடுவ எங்கே இருக்கு? கடல் குறிப்புல மலை மேல பெய்யற மழை எதுக்குப்பா?”

இருக்கட்டும் சார் என்றேன். அவர் அந்த வரியை மறுபடி முணுமுணுத்துப் படித்தார். பிறகு, சரி என்றார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து கடைத்தெருவில் கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம் பயிற்சி அறிவிப்பு முறையாக வெளிவந்தது. சமன் சொன்ன பகுதிதான். இன்னும் நான்கு நாள். ‘நடப்பதாகத் தெரிகிறது’ என்றிருந்ததை ‘அறிவிக்கப்பட்டுள்ளது’ என்று மாற்றினேன், வேறெதையும் மாற்றவில்லை. மாலை ஐந்து மணிக்குக் குறிப்பு போனது. எதிரே சந்தையில் மிஞ்சிய சாளையைக் கூறு போட்டுக் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில், இந்தத் தடவை பலகையை நானே எழுத்துக் கூட்டிப் படித்து ஏறினேன். குருநாகலைத் தாண்டும்போது கைபேசியில் ஒரு செய்தி வந்தது. அந்த மீனவர் சங்கத்தின் செயலாளர். திருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, மன்னித்தோம் என்றும் இல்லை. ஒரே வரிதான்.

“எல்கடுவவில் மழை விட்டதா?”

றிஸானாவிடம் கேட்டு எழுதினேன். இன்னும் விடவில்லை.